எச்சில் பந்துக்காரருக்கு ஒரு பூசை

1

போன ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியின் எசன் நகரில் நடந்த தமிழ்ப் பூசையில், இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுத்த பெயர்களைப் பாதர் வாசித்துக்கொண்டு வந்தார். அந்தோனியாப்பிள்ளை, ஞானம்மா, செபமாலை என்று எல்லாம் எங்கள் பெயர்கள். நடுவில் ஒரு யோசேப் வந்தார். யோசேப் என்பதைப் பாதர் லேசாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பின்னால் இருந்த குடும்பப் பெயரில்தான் தடக்கி நின்றார். உயிரெழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டிய பெயர் அது. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "யோசேப்பின் ஆன்மாவுக்காகவும்" என்று முடித்துக்கொண்டார்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது பாதர் எங்களிடம் வந்தார்.

"ஆர் மரியதாஸ் இந்த யோசேப்? உங்கட சொந்தமோ?"

மரியதாஸ் என் வீட்டுக்காரர். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓம் பாதர். ஒரு வகையில சொந்தம்தான். அமெரிக்காவில பந்து எறிஞ்சவர். செத்துக் கனகாலம்."

பாதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோல்ஸ் தட்டை நீட்டினேன்.

எங்களுக்கு ஜேர்மனியில் வதிவிட அனுமதி கிடைத்து இந்தக் கிழமையோடு ஒரு வருஷம். நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுப்போம் என்று நான்தான் சொன்னேன். மடு மாதாவுக்கு நேர்ந்தது வேறு இருந்தது. அப்போது இவர், "அந்த எச்சில்காரருக்கும் ஒண்டு குடுப்பம்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தபோது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, யாழ்ப்பாணத்து மனிசன் ஒருவர் டோர்ட்மண்டில் இருந்துகொண்டு அமெரிக்க விளையாட்டுக்காரர் ஒருவருக்கு ஏன் பூசை கொடுக்கிறார் என்று விளங்காது. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

2

ஜேர்மன் மொழியில் டுல்டுங் என்று ஒரு சொல் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், ஆனால் சண்டை நடக்கிற நாட்டுக்குத் திருப்பி அனுப்பவும் ஏலாது என்றால், இந்தப் பெயரில் ஒரு தாள் கொடுப்பார்கள். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடும். உங்களை நாங்கள் வரச் சொல்லவில்லை, வந்துவிட்டீர்கள், இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் சாரம். கலியாணம் முடித்த புதிதில் மாமியார் வீட்டில் இருந்து பழகியதால் எனக்கு அது பெரிதாக உறைக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வெளிநாட்டவர் கந்தோருக்குப் போய் அதை நீட்ட வேண்டும். மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றபடி குறை சொல்ல மாட்டேன். சூடான வீடு தந்தார்கள். வருத்தம் வந்தால் வைத்தியம் பார்த்தார்கள். மகள் டிலானியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அவளுக்குப் பல் மிதந்தபோது கம்பியும் போட்டுவிட்டார்கள். என் நாட்டில் எனக்கு இதில் பாதிகூடக் கிடைத்ததில்லை.

எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே எண்பது வயதுக்கு மேற்பட்ட சுரங்கக்காரர்களின் மனைவிமாரோடு கதைத்துக் கதைத்து என் ஜேர்மன் வளர்ந்தது. ஆகவே நான் வாயைத் திறந்தால் இந்த ரூர்ச் சுரங்கப் பக்கத்துப் பழைய கிழவி கதைக்கிற மாதிரி இருக்குமாம். இவருக்கு வேலை பாண் தொழிற்சாலையில். தட்டுக் கழுவுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம். அங்கே ஜேர்மன்காரரும் ஒருவரோடு ஒருவர் கைச் சைகையில்தான் கதைப்பார்கள். பதினொரு வருஷமாகியும் இவருடைய ஜேர்மன் வந்திறங்கிய நாள் மாதிரியே இருந்தது.

அதற்கு இன்னொரு காரணம் டிலானி. இவர் ஒரு வசனம் தொடங்கினால் அது முடியுமுன், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற பால் காட்டும் சொல்லில் இருந்தே அவள் திருத்திவிடுவாள். "அப்பா, டேர் இல்லை, டாஸ்." மரியாதைக் குறைவாக இல்லை, பழக்கதோஷம். நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். இவர் மெல்ல மெல்ல வீட்டிலும் வெளியிலும் ஜேர்மனே கதைப்பதில்லை என்று ஆகிவிட்டது. பாண் வாங்கப் போனாலும் விரலால் காட்டுவார், அதுவும் பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிற மனிசன்.

பன்னிரண்டு வயதில் டிலானி பேஸ்பாலில் சேர்ந்தாள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சிறிய கழகம், பையன்களும் பெட்டைகளும் சேர்ந்து விளையாடுவார்கள். கிரிக்கெட் தெரிந்த உங்களுக்கு லேசாகச் சொல்லலாம். பந்து நிலத்தில் குத்தாமல் நேராகத் துடுப்புக்காரனிடம் போக வேண்டும். கையை மடக்கி, எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவு பலத்தோடும் எறியலாம். எறிகிற ஆள்தான் அங்கே ராசா. டிலானிக்கு அந்த இடம் கிடைத்தது.

இதைக் கேட்டதும் இவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். இளைஞர் மன்றத்துக் கிரிக்கெட் அணியில் இவர் வேகப்பந்துக்காரர். ஆனால் கை மடங்குகிறது என்று நடுவர் நோ போல் கொடுப்பார், பார்க்க வந்த சனமெல்லாம் "மாங்காய்க்கு எறியிறான், மாங்காய்க்கு எறியிறான்" என்று கத்துமாம். 'எறியன்' என்பது இவருக்குப் பட்டப்பெயர். எங்கள் கலியாணத்திலும் ஒரு சிநேகிதர் அதைச் சொல்லி இவர் கோபித்துக்கொண்டார். அப்படிப்பட்டவருக்கு, எறிவதற்கென்றே ஒரு விளையாட்டும், அதில் எறிகிற இடத்தில் சொந்த மகளும்.

முதல் சில ஆட்டங்களுக்கு ஜேர்மன் பெற்றோருக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றார். பிறகு ஒருநாள் டிலானி இரண்டு பேரை அடுத்தடுத்து வெளியேற்றி மூன்றாவது ஆளுக்கு முன்னால் நின்றபோது, தன்னை மறந்து, "எறி பிள்ளை, எறி!" என்று கத்திவிட்டார். அவள் வெட்கத்தில் தொப்பியை இழுத்துவிட்டாள். ஆனால் அடுத்த கிழமை அவளுடைய அணிப் பிள்ளைகள் எல்லாம் வாங்கில் இருந்து "எறி, எறி" என்று கத்தினார்கள். அவர்களுக்கு ற வராது. "எரி" என்றுதான் கத்தினார்கள். இவர் அதைத் திருத்தவில்லை.

3

அவளுக்குப் பதினாலு வயதான வருஷம் பள்ளிக்கூடத்தில் டிலானிக்கு ஒரு ரெஃபராட் கொடுத்தார்கள். ஒரு விஷயத்தைத் தேடிப் படித்து வகுப்புக்கு முன்னால் நின்று சொல்கிற வேலை. இந்தப் பகுதியில் இருந்து வெளிநாடு போனவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே இருந்து போனவர்களா என்று நான் கேட்டேன். ஜேர்மனியை விட்டு ஒருவர் பிழைப்புத் தேடிப் போயிருப்பார் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அவள் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் யோசேப். நான் புட்டு அவித்துக்கொண்டிருக்க, அவள் குசினி மேசையில் இருந்து வாசிப்பாள், நான் தமிழில் சொல்வேன், இவர் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கேட்பார். நாலைந்து பின்னேரம் இப்படிப் போனது.

எசனுக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். கைக்குழந்தையைக் கொஞ்சம் தாண்டிய வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அங்கேயும் சுரங்கம்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் நிலக்கரிக்குள் இருந்து கல் பொறுக்கினார். பொறுக்கிய கல்லை எறிந்து எறிந்து கை பழகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்கத்து அணிக்காக எறிந்தார். பெரிய பட்டணத்து அணி ஒன்று கண்டு கூட்டிக்கொண்டு போனது. இரண்டு வருஷம் அவருடைய வேகத்துக்கு ஆள் இல்லை. மூன்றாவது வருஷம் தோள் போய்விட்டது.

"பிறகு?" என்றார் இவர்.

பிறகு அமெரிக்காவிலேயே பழைய சுரங்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சின்ன அணி ஒன்றில், சும்மா சம்பளத்துக்கு எறிந்துகொண்டிருந்தார். ஒருநாள் மழைத்தூறலில் ஆட்டம். ஈரப் பந்து கையை விட்டு வழுக்கிப் போனது. போன பந்து சுழலாமல் போய், துடுப்புக்காரனுக்கு முன்னால் தொப்பென்று கீழே இறங்கியது. யோசேப் அதைக் கவனித்தார். மழை இல்லாத நாளில் ஈரத்துக்கு எங்கே போவது? வாயில் இருந்தது. மரப்பட்டை ஒன்றைச் சப்பினால் எச்சில் கொழகொழவென்று ஊறும். அதைப் பந்தில் தடவி எறியத் தொடங்கினார். அந்த நாளில் அதற்குத் தடை இல்லை.

"சீ" என்றேன் நான்.

"பொறுமப்பா, சொல்லட்டும்" என்றார் இவர்.

எச்சில் பந்தோடு யோசேப் பெரிய அணிக்குத் திரும்பினார். கனக்க ஆட்டம் வென்றார். முதலாம் உலகப் போர் வந்தது. ஜேர்மன் பெயர் உள்ளவன் என்று சனம் கூவத் தொடங்கியது. பேப்பர்க்காரர் அவருடைய பெயரில் இருந்து இரண்டு எழுத்தை வெட்டி எழுதினார்கள். தெருவில் ஜேர்மன் கதைக்காதே என்று அவருடைய தாயிடம் அயலவர்கள் சொன்னார்களாம். மனிசிக்கு வேறு பாஷை தெரியாது. அந்த இடத்தை நான் தமிழில் இரண்டு தரம் சொன்னேன். டிலானி நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே வாசித்தாள்.

போர் முடிந்ததும் சட்டம் மாறியது. பந்தில் எச்சில் தடவக் கூடாது. அசிங்கம், ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். யோசேப்பின் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் போட்டவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஏற்கனவே இந்தப் பந்தை நம்பிப் பிழைக்கிற சிலர் இருக்கிறார்கள், இந்த வயதில் அவர்கள் வேறு எதைப் பழகுவது? அப்படிப்பட்டவர்களின் பெயரை எழுதி எடுத்து, ஓய்வுபெறும் வரை அவர்கள் மட்டும் எச்சில் பந்து எறியலாம், புதிதாக வருகிறவர்களுக்குக் கிடையாது என்றார்கள். யோசேப்பின் பெயரும் அதில் இருந்தது. தலை நரைக்கும் வரை எறிந்தார். எதிரணி இளம் பெடியங்கள் நக்கலடிப்பார்கள். அவர் பட்டையைச் சப்பிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார். விட்ட பிறகு ஊரில் பெட்ரோல் நிலையம் ஒன்று வைத்திருந்து, வயது போய் இறந்தார். ஜேர்மனிக்குத் திரும்பவே இல்லை.

"ஏன் திரும்பி வரேல்லை?" என்று டிலானி எங்களைக் கேட்டாள். அன்றைக்கு என்னவோ தமிழிலேயே கேட்டாள்.

"வந்து என்ன செய்யிறது? இஞ்ச ஆர் அந்தப் பந்தைக் கண்டது?" என்றார் இவர்.

பிறகு அவளிடம் அந்தச் சட்டம் மாறின இடத்தை இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். அடுத்த நாளும் கேட்டார். எங்களை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் ஏதோ விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

4

அதே காலத்தில் இங்கேயும் ஒரு சட்டம் வந்தது. நீண்ட காலம் டுல்டுங்கில் இருந்தவர்களுக்கு வதிவிட அனுமதி கொடுக்கலாம் என்றார்கள். வேலை இருக்க வேண்டும், குற்றம் குறை இருக்கக் கூடாது, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். எல்லாம் எங்களிடம் இருந்தது. கடைசி நிபந்தனைதான் நெஞ்சைப் பிடித்தது. கணவன், மனைவி இரண்டு பேரும் சாதாரண ஜேர்மன் கதைக்க வேண்டும். கந்தோரில் நேருக்கு நேர் கதைத்துப் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் கூடாது, பிள்ளையும் உள்ளே வரக் கூடாது.

இவர் கதைக்காவிட்டால் மூன்று பேருக்கும் இல்லை. கிடைக்காவிட்டால் மறுபடி சிவப்புக் கோடு. அதற்குப் பிறகு என்ன என்று எவருக்கும் தெரியாது. ஊரில் மீண்டும் செல் விழத் தொடங்கியிருந்த நேரம் அது.

தெர்மீன், அதாவது எங்களை வரச் சொன்ன நாள், மூன்று கிழமைக்குப் பிறகு. டிலானி கந்தோர் அம்மா மாதிரி இருந்து கேள்வி கேட்பாள். இவர் பதில்களைச் செபம் மாதிரி மனப்பாடம் செய்தார். வரிசையாகக் கேட்டால் ஒரு பிழையும் இல்லை. வரிசை மாறினால் எல்லாம் கவிழ்ந்துவிடும். கடைசி இரவு அவள் அழுதுவிட்டாள். "அப்பா, நான் இனித் திருத்தமாட்டன். பிழையா எண்டாலும் கதையுங்கோ" என்றாள். இவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் படுக்கப் போனார்.

5

கந்தோரில் இருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தா. முதலில் என்னோடு கதைத்தா. நான் இரண்டு வசனம் சொன்னதும், "உங்களுக்கு யார் இந்த ஜேர்மன் சொல்லித் தந்தது? என் பாட்டி இப்படித்தான் பேசுவா" என்றா. எனக்கு முடிந்துவிட்டது. "இனி நீங்கள் தயவுசெய்து அமைதியாக இருக்க வேண்டும்" என்றுவிட்டு இவர் பக்கம் திரும்பினா.

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள், ஹெர் மரியதாஸ்?"

இது எங்கள் வரிசையில் நாலாவது கேள்வி. இவர் முதலாவது கேள்விக்கு உரிய பதிலைச் சொன்னார். வீதிப் பெயர், வீட்டு இலக்கம், தபால் இலக்கம் எல்லாம். அம்மா எதையோ எழுதினா. இன்னொரு கேள்வி கேட்டா. இவர் தபால் இலக்கத்தையே இன்னொருக்கால் சொன்னார். நான் மேசைக்குக் கீழே செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடவுளே, பதினொரு வருஷம் என்று மட்டும் மனதுக்குள் ஓடியது.

"சரி" என்றா அம்மா, களைத்துப் போன குரலில். "உங்கள் மகளைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்."

இவர் நிமிர்ந்தார். மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. "என் மகள்" என்று ஜேர்மனில் தொடங்கி, ஒரு மூச்சு எடுத்து, தானாகவே ஒரு முழு வசனத்தைக் கட்டினார்.

"என் மகள் சனிக்கிழமை கெவோர்ஃபன்."

வேர்ஃபன் என்றால் எறிதல், கெவோர்ஃபன் அதன் இறந்தகாலம். எறிந்தாள் என்றுதான் அவர் சொல்ல வந்தார். ஆனால் எதை எறிந்தாள் என்று சொல்லாமல் மொட்டையாக விட்டால், ஜேர்மனில் அது நாயும் பூனையும் குட்டி போடுவதற்குச் சொல்கிற சொல். எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு ஆச்சி தன் நாய் கெவோர்ஃபன் கதையைத் தினமும் எனக்குச் சொல்வா.

அம்மாவின் பேனை நின்றது. "உங்கள் மகளா?"

"ஓம். ஐந்து" என்றார் இவர், விரல்களை விரித்துக் காட்டி. ஐந்து இன்னிங்ஸ் எறிந்தாள் என்பது அதன் பொருள். "ஐந்து. இப்போது மிகவும் களைப்பு."

அம்மா கோப்பைத் திறந்து பிறந்த திகதியைப் பார்த்தா. பதினாலு வயது. என்னைப் பார்த்தா. நான் அமைதியாக இருக்க வேண்டியவள், உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். இவருக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று மட்டும் விளங்கியது. இந்த அம்மாவுக்கு விளையாட்டுத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு காலைத் தூக்கி, கையை மடக்கி, அந்தக் கந்தோர்ச் சுவரை நோக்கி இல்லாத பந்து ஒன்றை எறிந்து காட்டினார். "பேஸ்பால்" என்றார்.

அம்மா சிரித்தா பாருங்கள். கண்ணாடி நழுவி மார்பில் விழுந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. இவரும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். பயம் போய்விட்டது அவருக்கு. சிரிப்பு அடங்குமுன் அவர் கதைக்கத் தொடங்கிவிட்டார், பிறகு நிறுத்தவில்லை.

யோசேப்பின் கதை முழுவதையும் சொன்னார். எல்லாம் நிகழ்காலத்தில். டேர், டீ, டாஸ் எல்லாம் கலந்து கட்டி. "மனிதன் எசன். குழந்தை. போகிறது அமெரிக்கா. கல் எறிகிறது. பிறகு தோள் உடைகிறது. மழை வருகிறது, பந்து ஈரம், பந்து விழுகிறது. மனிதன் நினைக்கிறது. மனிதன் துப்புகிறது."

"துப்புகிறாரா? பந்திலா?" அம்மா முகத்தைச் சுளித்தா.

"துப்புகிறது. நன்றாக வெல்கிறது. போர் வருகிறது. அம்மா ஜேர்மன் பேச முடியாது வீதியில். அம்மா அழுகிறது." இவர் விரலால் கன்னத்தில் கண்ணீர்க் கோடு இழுத்துக் காட்டினார். "போர் முடிகிறது. புதிய சட்டம். துப்புவது தடை. ஆனால் பழைய மனிதர்கள், ஏற்கனவே இருக்கிறவர்கள், கனகாலம் துப்புகிறவர்கள், அவர்கள் செய்யலாம். கடைசி வரை."

அம்மா முன்னுக்குச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தா. "ஆகா" என்றா. "ஓர் ஆல்ட்ஃபால் சட்டம்."

பழைய ஆக்களின் வழக்குக்கு விதிவிலக்கு என்று பொருள். எங்களுக்கு வந்த சட்டத்துக்கும் கந்தோரில் அதுதான் பெயர். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அந்த அம்மாவுக்கே விளங்கியிருக்க வேண்டும்.

"ஓம்" என்றார் இவர் மெதுவாக. "எங்களைப் போல."

அம்மா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, முன்பு எழுதியதற்குக் குறுக்கே கோடு கிழித்துவிட்டு, புதிதாக இரண்டு வரி எழுதினா. "ஹெர் மரியதாஸ், நீங்கள் சொன்னதில் எனக்கு விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை" என்றா. பிறகு தாள்களை எங்கள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினா. முதலில் இரண்டு வருஷத்துக்குக் கிடைக்கும், வேலை தொடர்ந்தால் அதற்குப் பிறகு நீட்டுவார்கள் என்றா. போகும்போது, மகள் அந்த ஆட்டத்தில் வென்றாளா என்று கேட்டா.

"தோல்வி" என்றார் இவர். அம்மாவுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவவுக்கு ஏதும் தொல்லை வரலாம். எங்கள் இரவுச் செபத்தில் இருக்கிறா, அது போதும்.

6

டிலானி வெளியே விறாந்தையில், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். என் கண் கலங்கி இருந்ததால் அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

இவர் அவளுக்கு முன்னால் போய் நின்றார். மனப்பாடப் பதில்களைத் தவிர மகளோடு ஜேர்மனில் கதைப்பதை விட்டு வருஷக்கணக்காகிவிட்ட மனிசன், ஜேர்மனில் சொன்னார்.

"விர் பிளைபன்." நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

அவள் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை பிள்ளைக்கு. விம்மிக்கொண்டே சொன்னாள், "விர் டுர்ஃபன் பிளைபன் எண்டு சொல்லோணும் அப்பா." எங்களுக்கு இருக்க அனுமதி இருக்கிறது. இலக்கணப்படி, கந்தோர் முறைப்படி, அவள் சொன்னதுதான் சரி.

இவர் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இல்லை" என்றார். "விர் பிளைபன்."